பன்றிக்கு ஊசி போடுவதா, நமக்கு மாத்திரை கொடுப்பதா?

என் பெரியம்மாவுக்கு 52 வயது, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. ஒரு நாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. கோலப்பொடிக் கிண்ணம் ஒரு பக்கம் உருள, அவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஒரு சின்ன வளையம். பன்றி நாடாப்புழுவின் கட்டி என்று டாக்டர் சொன்னாராம். வலிப்பு வந்ததைக்கூட பெரியம்மா தாங்கிக்கொண்டார், இதைத்தான் தாங்க முடியவில்லை. "நான் எங்கடா பன்னி தின்னேன்?" என்று என்னிடம் கேட்டார், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் மாட்டு டாக்டர் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா முட்டைகோஸ்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டைகோஸ் கிடையாது.

அந்த அக்கா சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் வருவது குடலில் வளரும் புழு. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு மீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி வளரும், வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. மூளைக்குப் போவது வேறு கதை. அந்தப் புழுவைச் சுமக்கிறவரின் மலத்தில் கணுக்கணுவாக உதிர்ந்து வரும் துண்டுகளில், ஒவ்வொன்றிலும் 50,000 முட்டை வரை இருக்கும். கழுவாத கை, குடிதண்ணீர், பச்சைக் காய்கறி என்று ஏதோ ஒரு வழியில் அந்த முட்டை யார் வயிற்றுக்குள் போனாலும் கட்டியாகும். பன்றி தின்றால் பன்றியின் தசையில், மனிதன் தின்றால் தசையிலோ கண்ணிலோ மூளையிலோ. அதாவது பெரியம்மாவுக்கு இது பன்றியிடமிருந்து வரவில்லை, இன்னொரு மனிதரிடமிருந்து வந்தது. 1992இல் நியூயார்க்கில் பன்றியைக் கண்ணெடுத்தும் பார்க்காத யூதக் குடும்பங்களில் இதே நோய் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்தவர்கள் வழியாகத்தான் முட்டை வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். சைவமோ அசைவமோ, முட்டைக்கு எல்லாம் ஒன்றுதான்.

நம்மூருக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. வலிப்போடு வருகிறவர்களின் மூளை ஸ்கேனில் இப்படி ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தால், அது காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் லார்வா, அதாவது இளம்புழு என்று 1989இல் எழுதினார்கள். பின்னால் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது. உலகம் முழுக்க 25.6 லட்சத்திலிருந்து 83 லட்சம் பேர் வரை மூளையில் இந்தக் கட்டியோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு வட்டாரத்துக்குக் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஒரு வழிக்குத்தான் போதும் என்றால் இந்தப் புழுவை எங்கே மறிப்பது? மனிதனுக்குத் தடுப்பூசியா, பன்றிக்கா? பன்றிக்கு ஊசியா, மருந்தா? இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டுக் கழிப்பறை கட்டுவதா?

எல்லாரும் முதலில் கேட்பது மனிதனுக்குத் தடுப்பூசி ஏன் இல்லை என்றுதான். பெரியம்மாவும் கேட்டார், கொரோனாவுக்கு ஒரு வருடத்தில் வந்ததே, இதற்கு ஏன் வரவில்லை என்று. யோசித்துப் பார்த்தால் இருப்பதிலேயே மோசமான வழி அதுதான். ஒன்று, அதைச் சோதிப்பது எப்படி? ஊசி போட்டுவிட்டு யாருக்கு வலிப்பு வருகிறது என்று காத்திருக்க வேண்டும். இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் உட்பட 450 நோயாளிகளை ஆராய்ந்து 1961இல் ஓர் அறிக்கை வந்தது. முட்டை உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் நடுவே பலருக்குப் பல வருடம், சிலருக்குப் பத்து இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து தடுப்பூசி ஆய்வு நடத்தப் பணம் யாரிடம் இருக்கிறது? இரண்டாவது, இந்த நோய் அதிகம் இருப்பது கழிப்பறை இல்லாத கிராமங்களில். அங்கே உள்ளவர்கள் வாங்குவார்கள் என்று நம்பி எந்தக் கம்பெனியும் முதல் போடாது. மூன்றாவதுதான் முக்கியம், மனிதனுக்குத் தடுப்பூசி போட்டால் அந்த ஒருவர் தப்பிப்பார், ஆனால் பன்றியின் உடம்பில் கட்டி இருக்கும், அதைத் தின்கிறவர் குடலில் புழு இருக்கும், சுழற்சி அப்படியே ஓடும்.

அப்படியானால் குடலில் இருக்கும் வளர்ந்த புழுவுக்கு எதிராக ஊசி கண்டுபிடிக்கலாமே? நாயின் குடலில் வாழும் இன்னொரு நாடாப்புழுவுக்காக அப்படி முயன்றிருக்கிறார்கள், சில நாய்களில் நல்ல பலன் வந்ததாக எழுதினார்கள், கடைக்கு வருகிற சரக்காக அது ஆகவில்லை. குடலுக்குள் தலையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, நாம் செரித்த சாப்பாட்டைத் தோல் வழியே உறிஞ்சும் ஒரு ஜீவனை ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதத்தால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

எட்டிப் பிடிக்க முடிகிற தருணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முட்டை பன்றியின் குடலில் பொரிந்ததும் ஆறு கொக்கியுள்ள ஒரு கரு வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாத அளவு. அது குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தத்தில் ஏறித் தசையில் போய் உட்காரும். அந்தப் பயணத்தில்தான் அது நிராயுதபாணி. உட்கார்ந்து தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்ட பிறகு, நோய் எதிர்ப்புச் சக்தி சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முறை தொற்று வந்த ஆட்டுக்கும் பன்றிக்கும் மறுபடி முட்டை கொடுத்தால் புதிதாகக் கட்டி வருவதில்லை என்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம். உடம்பு அந்தக் கருவை அடையாளம் கண்டு கொன்றுவிடுகிறது. அந்த அடையாளத்தை மட்டும் பிரித்தெடுத்து முன்கூட்டியே காட்டிவிட்டால்?

அதைச் செய்தது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த ஒரு குழு, செம்மறி ஆட்டில். நாயின் குடலில் வளர்ந்து ஆட்டுத் தசையில் கொப்புளம் வைக்கும் ஒரு நாடாப்புழு உண்டு, மனிதனுக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது, ஏற்றுமதிக் கறியைக் கெடுக்கும் அவ்வளவுதான். அந்தப் புழுவின் கருவிலிருந்து ஒரே ஒரு புரதத்தின் மரபணுவை எடுத்து, பாக்டீரியாவில் வளர்த்து, ஆட்டுக்கு ஊசி போட்டார்கள். 94 சதவீதம் வரை பாதுகாப்பு கிடைத்தது. 1989இல் 'நேச்சர்' இதழில் வந்தது அது. ஒட்டுண்ணி ஒன்றுக்கு எதிராக மரபணு முறையில் செய்த தடுப்பூசி இவ்வளவு நன்றாக வேலை செய்தது அதுதான் முதல் தடவை. மலேரியாவுக்குத் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்தவர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஊசி சந்தையில் ஓடவில்லை. நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தால் போதும், ஆட்டுக்கு எதற்கு ஊசி என்று இருந்துவிட்டார்கள். தடுப்பூசி கண்டுபிடிப்பதும், அதை யாராவது காசு கொடுத்து வாங்குவதும் வேறு வேறு என்பதை இந்த இடத்தில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அதே சாவியை மற்றப் பூட்டுகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவுலர்ஸ் குழு, பன்றி நாடாப்புழுவின் கருவிலிருந்து எடுத்த புரதம் டிஎஸ்ஓஎல்18. பன்றிகளுக்கு இதைப் போட்டுவிட்டு வேண்டுமென்றே முட்டை கொடுத்துச் சோதித்தபோது, மெக்சிகோவிலும் பெருவிலும் 100 சதவீதம், அல்லது அதற்கு ஒரு முடி குறைவான பாதுகாப்பு. இந்தப் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்துத் தடுப்பூசியாகச் செய்கிறது ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், பெயர் சிஸ்வாக்ஸ். நம் பால்வள வாரியத்தின் கம்பெனிதான் அது, நம் மாட்டுக் கொட்டகைகளுக்குக் கோமாரி ஊசி அனுப்பும் அதே இடம்.

போட்டிக்கு மெக்சிகோக்காரர்களின் எஸ்3பிவாக் இருந்தது. சின்னச் சின்ன மூன்று புரதத் துண்டுகளால் ஆனது, செயற்கையாகவே செய்துவிடலாம். அதைப் பப்பாளித் திசுவில் வளர்த்து வாய் வழியாகவே கொடுக்கும் முயற்சிகூட நடந்தது. பன்றியைப் பிடித்து ஊசி குத்திய அனுபவம் உள்ள எவனுக்கும் இதைக் கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறும், தீவனத்தில் கலந்து வைத்துவிட்டு வந்துவிடலாம் அல்லவா! ஆனால் கிராமங்களில் பயன்படுத்தியபோது தொற்றிய பன்றிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதிதான் குறைந்தது. மீதிப் பன்றிகளில் கட்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் கறியில் ஒரு கட்டி உயிரோடு இருந்தாலும் அது ஒருவர் குடலில் ஒரு புழு, அந்தப் புழு நாளைக்கு லட்சம் முட்டை. இரண்டில் ஒன்று என்றால் நான் கஷ்டப்பட்டாவது பன்றியைப் பிடித்து டிஎஸ்ஓஎல்18 குத்திவிட்டு வருவேன்.

இப்போது உண்மையான போட்டி: பன்றிக்கு ஊசியா, மருந்தா?

கல்லூரியில் பிணப்பரிசோதனைக் கூடத்தில் முதன்முதலாகத் தொற்றிய பன்றியின் இதயத்தைக் கீறிக் காட்டினார்கள். பாயசத்துக்கு ஜவ்வரிசியை வேகவைக்கும்போது முக்கால் பதத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, வெளியே கண்ணாடி மாதிரியும் நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளியுமாக இருக்குமே, அச்சு அசல் அதேதான். சிவப்புத் தசை முழுக்க ஜவ்வரிசி. அந்த வெள்ளைப் புள்ளிதான் உள்ளே மடங்கிக் கிடக்கும் புழுவின் தலை. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கவில்லை.

உயிரோடு இருக்கும் பன்றியில் இதைக் கண்டுபிடிக்க நாக்கைப் பார்ப்பார்கள். பன்றியைக் கீழே சாய்த்து இரண்டு பேர் அமுக்கிக்கொள்ள, வாயில் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அடிப்பக்கம் விரலால் தடவினால் மணி மணியாகத் தட்டுப்படும். பெருவிலும் ஆப்பிரிக்காவிலும் பன்றி வியாபாரிகளே இதில் கெட்டிக்காரர்கள். தட்டுப்பட்டால் விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். நிறையக் கட்டி இருந்தால்தான் விரலுக்குத் தெரியும், கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடும்.

இந்தக் கட்டிகளைக் கொல்ல ஆக்ஸ்ஃபென்டசோல் என்ற பூச்சி மருந்து இருக்கிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம், ஒரே தடவை, வாய் வழியாக. 10 சதவீதக் கரைசல் என்றால் 30 கிலோ பன்றிக்கு 9 மில்லி. தசையில் உள்ள கட்டிகள் செத்துப்போகும். மூளையில் உள்ளது சில சமயம் தப்பிக்கும். செத்த கட்டி கறியிலிருந்து மறையச் சில மாதம் ஆகும். விலை மலிவு, ஊசி மருந்து மாதிரி ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. குடலில் உள்ள உருண்டைப் புழுக்களும் போய்விடுவதால் பன்றி கொழுக்கும், வளர்ப்பவருக்கு அது கண்ணுக்குத் தெரிகிற லாபம். இதையெல்லாம் பார்த்தால் ஊசியே வேண்டாம், இதுவே போதும் என்றுதான் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது.

மாற்றியது கேமரூன் ஆய்வு. 2010இல் வெளியானது. வடகோடிப் பகுதியில் வீட்டுக்கு இரண்டு குட்டி என்று கொடுத்தார்கள், ஒன்றுக்கு டிஎஸ்ஓஎல்18 ஊசி, இன்னொன்றுக்கு இல்லை. இரண்டுக்குமே நடுவில் ஒரு தடவை ஆக்ஸ்ஃபென்டசோல் கொடுத்தாயிற்று. பிறகு ஒரு வயது ஆகும் வரை அந்த ஊர் வழக்கப்படியே சுற்றித் திரிய விட்டுவிட்டு, அறுத்துத் தசையைச் சன்னமாக வகிர்ந்து பார்த்தார்கள். ஊசி போடாத பன்றிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் உயிருள்ள கட்டி. ஊசி போட்டதில் ஒன்றில்கூட இல்லை. மருந்து இரண்டுக்கும் சமம் என்பதைக் கவனியுங்கள். மருந்து கொடுத்த அன்று உள்ளே இருப்பதை அது கொல்லும், கட்டியே இல்லாத குட்டிக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் தெருவில் அது எதைத் தின்றாலும் காப்பாற்றாது. பன்றி தெருவில் எதைத் தின்னும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஊசிக்கும் இதே மாதிரி ஓட்டை உண்டு, நேரெதிர்த் திசையில். ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட கட்டியை ஊசி ஒன்றும் செய்யாது. ஒரு டோஸ் போதாது, இரண்டாவது போட்ட பிறகுதான் எதிர்ப்புச் சக்தி பிடிக்கும், நடுவில் உள்ள நாட்களில் முட்டை உள்ளே போனால் போனதுதான். அதனால்தான் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே தப்பு என்ற முடிவுக்கு வந்தேன். முதல் நாள் ஊசியும் மருந்தும். இரண்டாவது சுற்றில் மறுபடி ஊசியும் மருந்தும், இடையில் நுழைந்ததை மருந்து கொன்றுவிடும், அதற்குப் பிறகு வருவதை ஊசி பார்த்துக்கொள்ளும். அந்தப் பன்றி சந்தைக்குப் போகும்வரை சுத்தமாக இருக்கும். கம்பெனி சொல்வது 3, 4 வார இடைவெளி. ஆனால் நேபாளத்தின் பாங்கே மாவட்டத்தில் 3 மாதத்துக்கு ஒரு முறை மட்டும் போய் இரண்டையும் கொடுத்தே தொற்றை நிறுத்திக் காட்டினார்கள். வருடத்துக்கு நான்கு தடவை என்றால் நம்மூர் கால்நடைத் துறை வண்டிகூடப் போய்விடும், மாதம் ஒரு தடவை என்றால் சத்தியமாகப் போகாது.

சரி, மனிதனுக்கு மாத்திரை? முட்டை போடுவது மனிதக் குடலில் உள்ள புழு, அதைக் கொன்றுவிட்டால் அன்றே முட்டை நின்றுவிடும். வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் கொடுக்கிறார்களே குடற்புழு மாத்திரை, அது போதாதா என்று கேட்பார்கள். அது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், ஒரே வேளை. உருண்டைப் புழுவுக்குச் சரி, நாடாப்புழுவை ஒழிக்க அதையே மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். நாடாப்புழுவுக்கென்றே உள்ளவை இரண்டு. பிராசிகுவான்டல் மலிவு, கிடைப்பதும் எளிது, ஆனால் ரத்தத்தில் கலக்கும். பெரியம்மா மாதிரி மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் இருக்கும் ஒருவருக்கு ஊர்ப் பொது இடத்தில் வைத்து இதைக் கொடுத்தால், அந்தக் கட்டி கலைந்து வீங்கி, தலைவலியோ வலிப்போ வரலாம். நோயைத் தடுக்கப் போய் வலிப்பை வரவழைத்தால் அடுத்த தடவை அந்த ஊருக்குள் யாரும் நம்மை விடமாட்டார்கள். நிக்லோசமைடு குடலைத் தாண்டிப் போவதே இல்லை என்று சொல்லும் அளவு, அதனால் இந்தப் பயம் இல்லை, பெரியவருக்கு 2 கிராம் ஒரே வேளையில் மென்று விழுங்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் பன்றியின் உடம்பில் கட்டி இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கறி வழியாகப் புதுப் புழு வந்துகொண்டேதான் இருக்கும்.

கழிப்பறை பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இந்தப் புழு ஒழிந்தது கழிப்பறையாலும், பன்றியைக் கொட்டிலில் அடைத்ததாலும், கறிப் பரிசோதனையாலும்தான், ஊசியால் இல்லை. அதற்குப் பல தலைமுறை ஆனது. கறிப் பரிசோதனையை மட்டும் ஏழை ஊரில் கொண்டுவந்து வைத்தால், நாக்கில் மணி தட்டிய பன்றி பரிசோதனைக் கூடத்துப் பக்கமே வராது, ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ அறுபட்டுவிடும். பெருவில் நடந்தது அதுதான்.

பன்றியை விட்டுவிட்டு ஒரு நிமிடம் ஆட்டுப் பக்கம் போகிறேன், ஏனென்றால் ஒரே வகை ஊசி ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் ஆமை மாதிரியும் வேலை செய்வது அங்கே தெரியும். நாய்க் குடலில் இருந்து ஆட்டுக்கும் மனிதனுக்கும் வந்து ஈரலில் தேங்காய் அளவு நீர்க்கட்டி வைக்கும் நாடாப்புழுவுக்கு இஜி95 என்ற ஊசி இருக்கிறது, அதே மெல்பர்ன் கைவரிசை. ஆட்டுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டால் 95 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. அர்ஜென்டினாவின் ரியோ நெக்ரோவிலும் மேற்குச் சீனாவிலும் போடுகிறார்கள். ஆனால் செம்மறி ஆடு கம்பளிக்காகப் பல வருடம் உயிரோடு வைக்கப்படுவது. ஊசிக்கு முன்பே கட்டி வைத்த கிழட்டு ஆடு செத்து நாய் வாய்க்குப் போகும்வரை சுழற்சி ஓடும், பலன் தெரியப் பத்து வருடம் பிடிக்கும். ஐஸ்லாந்தும் டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் ஊசி வருவதற்கு முன்பே நாயைக் கட்டுப்படுத்தியே இதை ஒழித்தன. அதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்தக் காலத்தில் நாயின் வயிற்றைக் கழுவ அவர்கள் கொடுத்த மருந்து அரிகோலின். நம் தாம்பூலத் தட்டில் இருக்கும் கொட்டைப்பாக்கில் உள்ள அதே சரக்கு. ஆகவே ஆட்டு விஷயத்தில் நாய் மாத்திரைதான் முதலில், ஊசி பிறகு என்பேன்.

பன்றிக்கு அது தலைகீழ். கிராமத்துப் பன்றி ஒரு வயதுக்குள் சந்தைக்குப் போய்விடும். இன்று ஊசி தொடங்கினால் அடுத்த வருடம் ஊரில் இருப்பது முக்கால்வாசி ஊசி போட்ட பன்றிகள்தான், பலன் கண்முன் தெரியும். இதன் மறுபக்கமும் உண்டு. தாய்ப்பன்றி ஒரு ஈற்றில் எட்டு பத்துக் குட்டி போடும், ஒரு சுற்றுத் தவறினால் ஊரில் பாதி ஊசி போடாத குட்டிகள் சுற்றும்.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து பார்த்த இடம் வடபெருவில் உள்ள டும்பெஸ். முதலில் 42 ஊர்களில் ஆறு விதமான வழிகளை ஒப்பிட்டார்கள், அதிலிருந்து வடிகட்டிக் கடைசியில் 107 ஊர், 81,170 மனிதர்கள், 55,638 பன்றிகள். மனிதனுக்கு நிக்லோசமைடு, பன்றிக்கு ஆக்ஸ்ஃபென்டசோல், கூடவே டிஎஸ்ஓஎல்18. 107இல் 105 ஊர்களில் தொற்று நின்றது, வேறெதுவும் செய்யாமலே ஒரு வருடம் வரை அப்படியே நின்றது. 2016இல் இது வெளியானபோது எல்லாரும் தடுப்பூசிக்கு மாலை போட்டார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது, இதில் ஊசியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவ்வளவு பணமும் ஆளும் எல்லா ஊருக்கும் கிடைக்காது என்பது இன்னொன்று.

இப்போது அந்த நியூசிலாந்து ஆட்டு ஊசிக்குத் திரும்ப வருகிறேன். பன்றி வளர்ப்பவர் இந்த ஊசிக்குக் காசு கொடுப்பாரா? உடம்பு முழுக்க ஜவ்வரிசி இருந்தாலும் பன்றி நன்றாகத்தான் தின்னும், ஓடும், குட்டி போடும். அதற்கு ஒரு நோவும் தெரியாது. நோவு படுவது எங்கேயோ இருக்கும் என் பெரியம்மா. பெரியம்மா தப்பிக்க, முன்பின் தெரியாத ஒருவர் தன் பன்றிக்கு இரண்டு தடவை காசு கொடுத்து ஊசி போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால் அரசாங்கம் இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் விரும்பி வாங்கும் ஒன்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பன்றியையே கொல்லும் பன்றிக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி உண்டு, மனிதருக்கு வந்து பத்திரிகையில் அடிபட்ட ஃப்ளூ இல்லை, இது வேறு வைரஸ். அந்த ஊசிக்கு வளர்ப்பவர்கள் தாங்களாகவே ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள், கொட்டிலே காலியாவதைப் பார்த்தவர்கள் அல்லவா. அன்றைக்கே, அதே பன்றியைப் பிடித்து வைத்திருக்கும்போதே, இந்த ஊசியையும் போட்டு மருந்தையும் ஊற்றிவிட்டால் கூடுதல் செலவு மருந்து விலை மட்டும்தான். பன்றியைப் பிடிப்பதுதான் செலவு. பின்னங்காலில் சுருக்குப் போட்டு இழுத்தால் அது போடும் கூச்சலில் ஊரே கூடிவிடும், அதை ஒரே வேலைக்காக வருடத்துக்கு நான்கு தடவை தனியாகச் செய்ய எந்த ஊரும் சம்மதிக்காது.

ஆகவே என் கையில் ஒரு வட்டாரத்துக்கான பணம் வந்தால் செய்வது இதுதான். பன்றி வளர்க்கும் ஊர்களில் மட்டும் ஒரே ஒரு சுற்று நிக்லோசமைடு, பெரியவர் சிறியவர் எல்லாருக்கும், முட்டையைச் சட்டென்று நிறுத்த. அதே வாரம் இரண்டு மாதம் தாண்டிய எல்லாப் பன்றிக்கும் காதுக்குப் பின்னால் 1 மில்லி டிஎஸ்ஓஎல்18, வாயில் ஆக்ஸ்ஃபென்டசோல், காதில் அடையாளத்துக்கு ஒரு வில்லை. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அறுக்கப் போகிற பன்றியை விட்டுவிடுவேன், மருந்து உடம்பில் இருக்கும்போது கறிக்குப் போகக்கூடாது. மூன்று மாதம் கழித்து அதே வண்டி, அதே ஆள், வில்லை உள்ளதற்கு இரண்டாவது, புதுக் குட்டிக்கு முதலாவது. மனிதனுக்கான மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுக்க மாட்டேன், அந்தப் பணம் முழுக்க மூன்றாவது நான்காவது சுற்று வண்டிக்கு. பணம் பாதியில் தீரும் என்று முன்பே தெரிந்தால் ஊசியைத் தொடங்கவே மாட்டேன், ஒரு டோஸ் போட்டுவிட்டு நிறுத்தினால் ஊசி போடாததற்குச் சமம். அந்த நிலையில் ஆக்ஸ்ஃபென்டசோலை மட்டும் வாங்கி, சந்தைக்குப் போவதற்குச் சில மாதம் முன்பு ஒரு தடவை கொடுத்து முடித்துக்கொள்வேன்.

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார், கட்டி சுருங்கி ஒரு புள்ளியாகச் சுண்ணாம்பு படிந்துவிட்டது, வலிப்பு மாத்திரை மட்டும் ஓடுகிறது. இதையெல்லாம் ஒரு மாலை அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கை கழுவாம சாப்பாடு போடுறவங்களாலதானே வருது, பன்னிக்கு எதுக்குடா ஊசி?" என்றார். அப்புறம் எழுந்து போய், முட்டைகோஸ் இல்லாமல் குருமா வைத்தார்.